பறவை பார்ப்பதும் வயல் வேலையே

வயலில் பறவை இறங்கினால் தகரம் தட்டி விரட்டுவதே பல ஊர்களில் வழக்கம். வந்தது எந்தப் பறவை, எதைத் தின்ன வந்தது என்று பார்ப்பவர்கள் குறைவு. நஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாறு தண்ணீரால் இருபோக நெல் சாகுபடி நடக்கிறது. அங்கே ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்தால் உண்மை விளங்கும். காலையில் சேற்றுழவு நடக்கும்போது உண்ணிக்கொக்குகள் பின்னாலேயே நடந்து, கிளம்பும் பூச்சி புழுக்களைப் பொறுக்குகின்றன. பயிர் நிற்கும் வயலில் கரிச்சான் எனும் இரட்டைவால் குருவி, உட்கார ஒரு குச்சி கிடைத்தால் போதும், அந்துப்பூச்சியைப் பறந்து பிடிக்கிறது. வெயில் ஏறியதும் பறவைகள் புளி, புங்கமர நிழலுக்குப் போய்விடுகின்றன. வரப்போர மரத்தை வெட்டியவர் இந்த வேலையாட்களையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார். வெயில் தாழ்ந்ததும் மறுபடி வேட்டை. இருட்டிய பிறகு கூகை எலி பிடிக்க வருகிறது. அதை அபசகுனம் என்று விரட்டுவது, கூலி கேட்காத காவல்காரனை விரட்டுவதாகும்.

எல்லாப் பறவையும் நண்பன் என்று சொல்வதற்கில்லை. கதிர் பால் பிடிக்கும்போது சில்லையும் கிளியும் சேதம் செய்கின்றன. தூக்கணாங்குருவி குஞ்சுக்குப் புழுவும் ஊட்டும், கதிரையும் கொத்தும். மயிலால் ஏற்படும் நஷ்டமும் சிறிதல்ல. அதற்கு உரிய இழப்பீடு கேட்பது நியாயமே. ஆனால் தானியத்தில் விஷம் கலந்து வைப்பது தீர்வாகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயிலைக் கொல்வது குற்றம். வைத்த விஷம் வீட்டுக் கோழியையும் விடாது.

மருந்து தெளிப்பதிலும் நிதானம் தேவை. அர்ஜென்டினாவில் 1995-96-இல் வெட்டுக்கிளியை ஒழிக்க மானோகுரோட்டோபாஸ் தெளித்தார்கள். வெட்டுக்கிளியைத் தின்று வந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பூச்சியைக் கொல்லப் போய், பூச்சி தின்னியைக் கொன்ற கதை அது.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. நட்ட பயிர் பச்சை பிடித்ததும் ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில் காய்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாகவோ, கவைக் குச்சியையோ, பயிருக்கு ஓர் அடி உயரே நிற்கும்படி ஊன்றலாம். பகலில் கரிச்சானும் இரவில் கூகையும் அதில் உட்காரும். கதிர் முற்றத் தொடங்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் குருவிக்கு அதுவே ஆசனமாகிவிடும்.

தெளிப்பானைத் தோளில் மாட்டுவதற்கு முன் ஒரு நாள் வரப்பில் நின்று பார்ப்பது நல்லது. அந்த ஒரு நாள் வீண் போகாது.