விற்பனையில் பங்கு கேட்பதா நாமும்?

போன மாசம் எங்க உழவர் குழுக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நம்ம கம்பு தோசைக்கும் வரகுப் பொங்கலுக்கும் டவுனில் நல்ல பேர் கிடைச்சிருக்கு, இந்தப் பேரை ஃபிரான்சைஸ் கொடுத்தா என்ன? கடை எடுக்கிறவங்க விற்பனையில் 8 சதவீதம் ராயல்டி, 4 சதவீதம் விளம்பரக் கட்டணம் கட்டட்டும் என்றார் ஒருவர். "பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தானே வாங்குறான்?" எல்லாரும் தலையாட்டினாங்க. நான் ஆட்டவில்லை.

அவர் சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் சப்வே கடை எடுத்தவர் ராயல்டி 8, விளம்பரம் 4.5 என்று விற்பனையில் 12.5 சதவீதம் கட்டுகிறார். மெக்டொனால்ட்ஸில் 1955-ல் ரே கிராக் வாங்க ஆரம்பித்தது 1.9 சதவீதம்தான். அங்கே 2024 முதல் புதுக் கடைகளுக்கு 5 சதவீதம். விளம்பரத்துக்குக் குறைந்தது 4 சதவீதம். கடை வாடகை தனி, அதுவும் பெரும்பாலும் கம்பெனிக்கே.

இதில் கவனிக்க வேண்டிய சொல் 'விற்பனை'. லாபத்தில் அல்ல, கல்லாவில் விழுந்த மொத்தப் பணத்தில் பங்கு. மாசம் 3 லட்சம் விற்கிற கடை என்று வைங்க. தானியம், எண்ணெய், கேஸ், கூலி, வாடகை போக 30,000 மிச்சம். 12 சதவீதக் கட்டணம் 36,000. கடைக்காரர் கைக்காசு 6,000 போட்டு நமக்குக் கட்டணும்!

நாம பார்க்காத கணக்கா இது? வார நிலத்திலும் மொத்த விளைச்சலில்தானே பங்கு கேட்டாங்க, செலவு உழுதவன் தலையில். அதனால்தான் 1956-ல் நியாய வாரச் சட்டம் போட்டு நிலக்காரர் பங்குக்கு வரம்பு கட்ட வேண்டியிருந்தது. ஃபிரான்சைஸுக்கு நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. கையெழுத்துப் போட்ட காகிதம்தான்.

இன்னொன்று. எண்ணெய் விலை ஏறினால் கடைக்காரருக்கு அடி. பேருக்குச் சொந்தக்காரருக்கு ஒன்றும் குறையாது. விலையை ஏற்றி விற்றால் அவர் பங்கும் ஏறும். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று அறிவித்தால் கூட்டம் வரும், விற்பனை கூடும், ராயல்டி கூடும். மூணாவது தோசைக்கு மாவு யாருடையது? விளம்பரப் பணம் எங்கே போகுது என்று கேட்டால், எங்கே எப்படிச் செலவழிப்பது கம்பெனி முடிவு என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். உங்க ஊரில் ஒரு தட்டிகூட வைக்காமல் சென்னையில் செலவழிக்கலாம்.

லாபத்தில் பங்கு கேட்டால் பொய்க்கணக்கு காட்டுவாங்க என்கிறார் எங்க செயலாளர். நியாயமான பயம்தான். கடைகளைச் சோதிக்க, சமையல் பழக்கிவிட நமக்கும் செலவு உண்டு, மறுக்கல. அதற்கு 2 சதவீதம் வாங்குவோம். நம் வருமானம் நாம் விளைவித்த கம்பையும் வரகையும் நியாய விலைக்குக் கடைக்கு விற்பதில் வரட்டும். விளம்பரப் பணம் கடைக்காரர்களும் கையெழுத்துப் போடும் கூட்டுக் கணக்கில் கிடக்கட்டும், எந்த ஊரில் வசூலோ அந்த ஊரிலேயே செலவு.

முதல் கடை கேட்டு வந்திருப்பது நம்ம உறுப்பினர் ஒருவரின் மகள். நகையை அடகு வைத்துத்தான் பணம் புரட்டுகிறாள். 12 சதவீதம் என்றதும் சரிங்க மாமா என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது அந்தப் பிள்ளை. அடுத்த கூட்டத்தில் ஒப்பந்தத்தை வாசிக்கும்போது 'விற்பனையில்' என்ற சொல் வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லப் போகிறேன்.