குரங்கை நினைக்காதே

என் பிள்ளை பத்தாவது வாரத்தில் தூக்கத்திலேயே போனான். மாமியார் கேட்ட முதல் கேள்வி: "தூக்கத்துல மேல புரண்டுட்டியாடி?" மாரில் பால் கட்டிக்கொண்டு வலி உயிர்போன நேரம். என்ன பதில் சொல்வேன்?

அவரால் என்னை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. இங்கிலாந்தில் சாலி கிளார்க்குக்கு வாய்த்தவரோ ஸர் பட்டம் பெற்ற குழந்தை மருத்துவர், ராய் மெடோ. 1996-இல் பதினோரு வாரத்தில் மூத்தவன், 1998-இல் எட்டு வாரத்தில் இளையவன். இரண்டையும் பறிகொடுத்தவளைக் கொலைகாரி என்று செஸ்டர் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவளைப் போன்ற வசதியான வீட்டில் ஒரு குழந்தை அப்படிச் சாவது 8,543-இல் ஒன்று என்றார் டாக்டர். அதை அதாலேயே பெருக்கி, இரண்டும் சாவது 7.3 கோடியில் ஒன்று என்றார். செத்த குழந்தைகளுக்குக் குதிரைப் பந்தயத்தை உவமை சொன்ன மகானுபாவர்!

ஐயா, ஒரே வீடு, ஒரே ரத்தம். அண்ணனைக் கொண்டுபோன குறை தம்பி உடம்பிலும் இருக்காதா? காசு சுண்டுகிற கணக்கா இது? சரி, அபூர்வம்தான். பெற்றவளே இரண்டையும் கொல்வது மட்டும் தெருவுக்குத் தெரு நடக்கிறதா?

புள்ளிவிவரத்தை வைத்து இங்கே யாரையும் தண்டிப்பதில்லை என்று நீதிபதி ஜூரிக்குச் சொன்னாராம். சொல்லத்தான் சொன்னார். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதை. 7.3 கோடி என்று காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியபின் துடைத்துக்கொள் என்றால்? பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். ஆயுள் தண்டனை.

2000-இல் அப்பீல். அந்த எண்ணால் தீர்ப்பு மாறியிராது என்று தள்ளிவிட்டார்கள். மறு வருஷம் ராயல் புள்ளியியல் சங்கமே அந்தக் கணக்குக்கு ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது. அதற்கும் கதவு திறக்கவில்லை. இளையவன் உடம்பில் கிருமி இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு ஒன்று, பிரேதப் பரிசோதனை செய்தவர் கையிலேயே இருந்தது. கோர்ட்டுக்குக் காட்டவில்லை, பாவி! அது வெளிவந்த பிறகே, 2003 ஜனவரியில், விடுதலை.

டாக்டர் மெடோவின் பெயரை 2005-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அடித்தார்கள், 2006-இல் திரும்ப எழுதினார்கள். சாலி 2007-இல் குடியில் போனாள். வயசு 42.

எனக்கு இன்றும் ராத்திரி புரண்டு படுத்தால் விழிப்பு வந்துவிடுகிறது. கை தானாகப் பக்கத்தில் தடவிப் பார்க்கிறது.