ஆமியின் ஹோட்டலில் நமக்கு வலீமா வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம். பாதியில் விட்டுவிட்டுத் திட்டவேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

இந்த விடுமுறைக்குள் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சேர், தல்செவனவில ரூம் எடுக்கிறது எப்பிடி? உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கா?" ஒருவருக்குத் திருச்சியிலிருந்து விமானத்தில் பலாலிக்கு வந்திறங்கும் சம்பந்தி வீட்டாரைத் தங்க வைக்க வேண்டும். மற்றவருக்கு நாகூர் தர்காவுக்குப் போய்விட்டு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குத் திரும்பும் உறவினரைத் தங்க வைக்க வேண்டும். மூன்றாமவர் மகனின் வலீமாவையே அங்கே வைக்கலாமா என்று யோசிக்கிறார். கடற்கரை, விமான நிலையம் கிட்ட, துறைமுகம் கிட்ட, துப்புரவான இடம், விலையும் பரவாயில்லை என்கிறார்.

மூன்று பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

"அங்கே ஹலால் சாப்பாடு கிடைக்குமா?" என்றும் ஒருவர் விசாரித்தார். நல்ல கேள்வி. இறைச்சி ஹலாலா என்று கேட்கத் தெரிந்த சமூகம் நாம். நிலம் ஹலாலா என்று கேட்க மட்டும் ஏன் மறந்துபோகிறோம்?

தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். தல்செவன என்பது காங்கேசன்துறைக் கடற்கரையில் இலங்கை இராணுவம் நடத்தும் விடுதி. பெயர் சிங்களப் பெயர். பாதுகாப்பு அமைச்சின் சம்பளம் வாங்குகிறவர்கள் நடத்தும் வியாபாரம். இது ஒன்று மட்டுமல்ல. காரைநகர்க் கடலில் இருக்கும் ஒல்லாந்தர் கோட்டையைக் கடற்படை ஹோட்டலாக நடத்துகிறது. திருகோணமலையில் மார்பிள் பீச்சை விமானப்படை நடத்துகிறது. நந்திக்கடலில், அத்தனை உயிர்கள் போன இடத்தின் கரையில், இராணுவம் ஒரு விடுதி கட்டியது. போர் முடிந்த பிறகு படைமுகாம்களுக்குப் பக்கத்தில் வரவேற்பறைகளும் முளைத்தன.

தல்செவன நிற்கிற இடத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1990 ஜூன் மாதத்தில் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, வசாவிளான், கட்டுவன் பக்கத்துச் சனங்கள் ஷெல்லுக்குப் பயந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டார்கள். நாலு நாளில் திரும்பலாம் என்று நினைத்துத்தான் போனார்கள். பிறகு அந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாகின. மயிலிட்டித் துறைமுகத்தை அந்த மீனவர்கள் திரும்பக் கண்டது 2017 ஜூலையில். 27 வருடம்! படகில் பிறந்து வளர்ந்த ஒரு சமூகம் கடலை விட்டு 27 வருடம் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் கிடந்தது. மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் தகரத்துக்குக் கீழே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் பிள்ளை பெற்றார்கள்.

2013இல் அரசாங்கம் வலி. வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக மரங்களிலும் மதில்களிலும் அறிவித்தல் ஒட்டியது. உரிமையாளர்களின் விலாசம் தெரியாது என்பது போல ஒட்டினார்கள். முகாம்களில் அந்த உரிமையாளர்களுக்கு நிவாரணம் கொடுத்ததும் அதே அரசாங்கம்தான். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பிறகு கட்டம் கட்டமாகக் கொஞ்சம் விடுபட்டது. இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் விடுபடவில்லை.

இந்த வருடங்களில் ஒரு விசித்திரம் நடந்தது. காணிக்காரன் உள்ளே போக முடியாது, பாதுகாப்புக் காரணம். தெற்கிலிருந்து பஸ் பிடித்து வந்த உல்லாசப் பயணி உள்ளே போகலாம், கடலில் குளிக்கலாம், மீன் பொரியலோடு சாப்பிடலாம், இரவு தூங்கலாம். அப்போது பாதுகாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்பு வலயத்துக்குள் ஹோட்டல் நடத்தலாம் என்றால் அங்கே வெங்காயமும் நடலாம்தானே?

2025 ஏப்ரலில் வசாவிளான்–பலாலி வீதி மூன்று தசாப்தங்களுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் திறந்தபோது போட்ட நிபந்தனைகளை நினைத்துப் பாருங்கள். காலை 6 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மட்டும். நடந்து போகக் கூடாது. இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. தன் தகப்பனின் செம்மண் தோட்டத்தைக் கடந்து போகிறவன் வாகனக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. அதே பிரதேசத்தில், சில கிலோமீற்றர் தள்ளி, ஹோட்டல் விருந்தாளி கடற்கரையில் நின்று செல்பி எடுத்துப் பேஸ்புக்கில் போடுகிறான். அந்த செல்பியில் நம் பிள்ளைகளின் முகங்களையும் நான் பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பதிவு.

"அப்படியென்றால் பலாலி விமான நிலையத்தையும் பாவிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாவிக்கலாம் என்பதுதான் என் கருத்து. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போனது. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி அது யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இன்றைக்கு நோயாளி மருந்துக்குச் சென்னை போகிறான், மாணவன் படிக்கப் போகிறான், உம்மா மகளைப் பார்க்கப் போகிறா. இது பொதுத் தேவை. பொதுத் தேவைக்குக் காணி எடுக்கச் சட்டம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் அதற்குத்தான். அறிவித்தல் கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, நட்டஈடு கொடுத்து எடுக்க வேண்டும். ஓடுபாதைக்குக் காணி போனவர்களுக்கு அந்த நட்டஈடு ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்று நாமும் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆனால் கடற்கரை விடுதி எந்த ஊர்ப் பொதுத் தேவை? விமானம் இறங்க ஓடுபாதை வேண்டும். விமானத்தில் வந்தவன் தூங்க ஆமியின் கட்டில்தான் வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? விமான நிலையத்தைக் காட்டி ஹோட்டலை நியாயப்படுத்துவது, பள்ளிவாசலைக் காட்டி அதன் மதிலோடு சேர்த்துக் கட்டிய கள்ளக் கடையை நியாயப்படுத்துவது போல.

"அது பழைய வாடிவீட்டுப் பக்கம், அரசாங்கக் காணிதானே" என்றும் ஒருவர் சொன்னார். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அரசாங்கக் காணி என்றால் அது பொதுமக்களின் காணி. அந்த வருமானம் பிரதேச சபைக்குப் போய் வலி. வடக்கு வீதிகளுக்கும் கிணறுகளுக்கும் செலவாக வேண்டும். இராணுவத்தின் கணக்குக்கு ஏன் போகிறது? சுற்றியிருந்த ஊர்களைக் காலியாக்கி வைத்துக்கொண்டு, அந்த வெறுமையையே "அமைதியான சூழல்" என்று விற்பதற்கு யார் அனுமதி கொடுத்தது?

இனி நம் கதைக்கு வருகிறேன்.

அவர்கள் போனது 1990 ஜூனில். நாம் போனது அதே வருடம் ஒக்டோபர் 30இல். புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் நம் சமூகம் முழுவதையும் இந்த மண்ணிலிருந்து துடைத்தார்கள். சோனகத் தெருவில் உலையில் வைத்த சோறு உலையிலேயே இருந்தது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் நம் சனம் எத்தனை மாரியைக் கழித்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள்.

நாம் போன பிறகு நம் வீடுகளில் இருந்த அலுமாரி, கட்டில், தையல் மெஷின் எல்லாம் கடைகளில் விலைக்கு வந்தன. கதவு நிலைகளும் போயின. அவற்றை வாங்கியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களிடம் கேட்டால் சொல்லும் பதில் இதுதான்: "நாங்கள் பறிக்கவில்லை. காசு கொடுத்துத்தான் வாங்கினோம்." இந்தப் பதிலைக் கேட்டு நம் மூத்தவர்கள் எவ்வளவு நொந்தார்கள்! இன்று ஆமியின் ஹோட்டலில் அறை எடுக்கும் நாம் சொல்லப்போகும் பதிலும் எழுத்துக்கு எழுத்து அதுதான். நாங்கள் பறிக்கவில்லை, காசு கொடுத்துத்தான் தங்கினோம்.

நாம் திரும்பி வந்தபோது சில வளவுகளில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட காணி எங்களுடையது என்று வாதாடினார்கள். அப்போது பாராளுமன்றம் 2016இல் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. போரால் வர முடியாமல் போனவனின் இல்லாமையைக் காட்டி இன்னொருவன் உரிமை கொண்டாட முடியாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டம் நமக்குப் பெரிய ஆறுதல். நமக்குச் சரியான அந்த நியாயம் மயிலிட்டிக்காரனுக்கும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? துரத்தப்பட்டவன் இல்லாத நேரம் பார்த்து அவன் மண்ணை ஆளக் கூடாது என்றால், ஆளுகிறவன் சீருடை போட்டிருந்தால் மட்டும் கூடுமா?

மார்க்கத்தின் பக்கமும் வருவோம். அபகரித்த ஒரு சாண் நிலம் பற்றிய ஹதீஸ் நம் மதரசாப் பிள்ளைகளுக்கே பாடம். நாம் பின்பற்றும் ஷாபி மத்ஹபில், அபகரித்த நிலத்தில் தொழுதால் தொழுகை நிறைவேறும், ஆனால் பாவம் உண்டு. ஹம்பலி மத்ஹபின் பிரபலமான கருத்தில் தொழுகையே கூடாது. தொழுகைக்கே இந்த நிலை என்றால் வலீமா பிரியாணிக்கு என்ன நிலை?

ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பள்ளிவாசலுக்குத் தெரிந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களின் காணி. அவர்கள் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். நபியவர்கள் அப்படி எடுக்க மறுத்து விலை கொடுத்தே வாங்கினார்கள். அல்லாஹ்வின் வீட்டைக் கட்டவும் காணிக்காரனுக்கு விலை கொடுத்த மார்க்கம் நம்முடையது.

கடைசியாக, எப்போதும் வரும் அந்தக் கேள்வி. "நம்மைத் துரத்தியபோது தமிழ் ஆக்கள் நமக்காகக் கதைத்தார்களா? நாம் ஏன் அவர்களுக்காகக் கதைக்க வேண்டும்?"

வலி எனக்கும் உண்டு. அந்த மௌனத்தை நான் மறக்கச் சொல்லவில்லை. ஆனால் கதைத்தவர்களும் இருக்கிறார்கள். சுமந்திரன் நமக்கு நடந்ததை இனச்சுத்திகரிப்பு என்றே பகிரங்கமாகச் சொன்னார், தன் சனத்திடம் ஏச்சும் வாங்கினார். 2021 பெப்ரவரியில் நம் மையித்துகளை எரித்துக்கொண்டிருந்த நாட்களில், பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் காணி பறிப்புக்கு எதிரான கோரிக்கையோடு ஜனாஸா எரிப்புக்கு எதிரான கோரிக்கையும் இருந்தது. நம் ஜனாஸாவுக்காக நடந்தவர்களில் தன் காணிக்குள் கால் வைக்க முடியாதவர்களும் இருந்திருப்பார்கள்.

அப்படி ஒருவரும் கதைத்திருக்காவிட்டாலும் என் பதில் மாறாது. நீதி என்பது மொய்ப் பணம் அல்ல, கொடுத்தவன் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க. நாம் இன்றைக்கும் இந்த மாவட்டத்தில் மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், காணி என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு கையால் "எங்கள் மண்ணைத் தா" என்று மனு எழுதிக்கொண்டு, மற்றக் கையால் அடுத்தவன் துரத்தப்பட்ட ஊரில் அறைக்கு முற்பணம் கட்டினால், அந்த மனுவை யார் மதிப்பார்?

ஆகவே ஊரவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல.

விருந்தாளிகள் பலாலியில் இறங்கினால் யாழ் நகரம் இருபது கிலோமீற்றருக்குள்தான். நகரில் தனியார் ஹோட்டல்கள் இருக்கின்றன. நம் வீடுகளிலும் ஒரு அறை இருக்கிறது. திரும்பி வந்து குடியேறிய வலி. வடக்குச் சனம் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஒரு நேரம் சாப்பிடுங்கள், அந்தக் காசு போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் படைகள் நடத்தும் விடுதிகளில் சுற்றுலா, கூட்டம், விருந்து வைப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எடுக்கலாம். ஒரு வரி போதும்.

வலி. வடக்குச் சனம் காணி கேட்டு வீதியில் இருக்கும்போது, ஜும்ஆ முடிந்து நம்மில் பத்துப் பேர் போய் அவர்களோடு அரை மணி நேரம் இருக்கலாம். பதாகை தேவையில்லை. தொப்பியோடு போய் இருந்தாலே போதும், பார்க்கிறவர்களுக்கு விளங்கும்.

வலீமா வைக்க யோசித்த அந்தச் சகோதரர் இதை வாசிப்பார் என்று தெரியும். கோபிக்க வேண்டாம் நானா. மணமக்களுக்கு பரக்கத்தைக் கேட்டுத்தான் விருந்து வைக்கிறோம். இன்னொரு உம்மா தன் வீட்டு முற்றத்தைப் பார்க்க முடியாமல் மௌத்தான ஊரில், நம் பிள்ளைகளுக்கு என்ன பரக்கத்தைத் தேடப்போகிறோம்? ஹோலுக்குக் காசு போதாவிட்டால் சொல்லுங்கள். நம் தெருவில் பந்தல் போடுவோம், சகன் வைப்போம், கதிரை தூக்க முதல் ஆளாக நான் வருகிறேன்.

அல்லாஹ் போதுமானவன்.

(பகிர விரும்புகிறவர்கள் வெட்டாமல் முழுதாகப் பகிருங்கள்.)