ஆணி அடிக்காமல் ஒரு பிரேம்!

மகள் வரைந்து பரிசு வாங்கிய ஓவியம், புத்தகக் கண்காட்சியில் ஆசையாக வாங்கிய போஸ்டர்... இப்படி ஏதாவது ஒன்று பல வீடுகளில் பீரோவுக்கு மேலே சுருண்டு கிடக்கும். கடையில் கொடுத்தால் படத்தைவிட பிரேமுக்குச் செலவு அதிகம். செல்லோ டேப் போட்டு ஒட்டினால், நாளடைவில் டேப் மஞ்சளாகி, பசை காகிதத்தில் இறங்கிவிடும். பிரிக்கும்போது ஓரம் கிழியும். வாடகை வீடு என்றால் சுவரில் பெயின்ட்டும் உரியும். அட்வான்ஸில் கை வைப்பார் ஹவுஸ் ஓனர். படமும் சுவரும் கெடாமல், குறைந்த செலவில் வீட்டிலேயே பிரேம் போட இதோ மூன்று வழிகள்!

முதலில் சுருக்கம் போகட்டும்

சுருண்ட படத்தைச் சுத்தமான வெள்ளைத் துணிமேல் குப்புறப் போட்டு, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு, மூன்று நாள் விடுங்கள். செய்தித்தாளை விரிக்க வேண்டாம். அதன் மை படத்தில் ஒட்டும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். கிரேயான் உருகி வழிந்துவிடும்.

சின்னப் படத்துக்கு ஸ்டிக் ஃபைல்

ஏ4 அளவு படம் என்றால் ஸ்டேஷனரி கடையில் இரண்டு ஸ்டிக் ஃபைல் போதும். படத்துக்குப் பின்னால் மெல்லிய சார்ட் அட்டை வைத்து ஒரு ஃபைலுக்குள் நுழையுங்கள். இன்னொரு ஃபைலின் பிளாஸ்டிக் பட்டியை எதிர்ப்பக்க ஓரத்தில் செருகினால் இரண்டு பக்கமும் சட்டம் தயார். மேலே ஒரு பைண்டர் கிளிப் மாட்டித் தொங்கவிடலாம்.

போஸ்டருக்கு மர ரீப்பர்

ஏ3 போஸ்டரின் அகலம் 29.7 செ.மீ. மரக்கடையில் மெல்லிய ரீப்பர் 5 அடி வாங்கி, 32 செ.மீ. நீளத்தில் 4 துண்டுகள் வெட்டித் தரச் சொல்லுங்கள். மொத்தம் 128 செ.மீ.தான் ஆகும்; மிச்சமும் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். போஸ்டரின் மேல் ஓரத்தை இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்து, காகிதத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரு முனைகளிலும் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். அதே கயிற்றை நீளமாக விட்டால் மாட்டவும் ஆயிற்று. கீழ் ஓரத்துக்கும் இப்படியே. அடிக்கட்டையின் கனம் போஸ்டரைச் சுருளாமல் இழுத்துப் பிடிக்கும். காகிதத்தில் ஒரு துளி பசைகூடப் படாது.

புடவை பார்டரில் சட்டம்

டிவி வந்த அட்டைப்பெட்டியில், படத்தைவிட நாலு பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். பழுப்பு அட்டை நேரடியாகப் பட்டால் படமும் பழுப்பாகும் என்பதால் நடுவில் வெள்ளைத் தாள் வையுங்கள். படத்துக்கு மேலே ஓ.எச்.பி. ஷீட். ஒன்றரை அங்குல அகல அட்டைப் பட்டிகளுக்குக் கிழிந்த பட்டுப்புடவையின் ஜரிகை பார்டரைச் சுற்றி, மூன்று பக்கம் மட்டும் ஃபெவிகாலால் அட்டையோடு ஒட்டுங்கள். பசை படத்தில் படக்கூடாது. மேல்பக்கம் திறந்திருந்தால் மாதம் ஒரு புதுப்படம் மாற்றலாம். பிள்ளைகளுக்கு அதுவே குஷி!

எங்கே மாட்டுவது?

ஏ3 அளவுக்கு 2 மி.மீ. கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே சுமார் 600 கிராம். 60-க்கு 90 செ.மீ. போஸ்டர் என்றால் 2.7 கிலோ! ஒட்டும் ஹூக்கை நம்பி இதைக் கட்டிலுக்கு மேல் மாட்டக்கூடாது. மேலே சொன்ன மூன்றும் எடை குறைவு. ஜன்னல் கம்பியிலோ, ஸ்கிரீன் ராடிலோ, ஏற்கெனவே இருக்கும் ஆணியிலோ மாட்டிவிடலாம். டிஸ்டெம்பர், சுண்ணாம்புச் சுவரில் ஒட்டும் ஹூக் நிற்காது. டைல்ஸில் நன்றாக நிற்கும்.

நேர் வெயில் படும் இடமும், மழைக்கு ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். ஒன்று சாயத்தை வெளுக்கும். மற்றொன்று பூஞ்சணத்தையும் ராமபாணப் பூச்சியையும் அழைத்து வரும். கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும்.

தாத்தா, பாட்டியின் ஒரே ஒரு பழைய போட்டோ என்றால் அசலைச் சுவரில் மாட்டாதீர்கள். ஸ்கேன் எடுத்துப் பிரின்ட் போட்டு, அதை பிரேமில் வைத்துவிட்டு, அசலைக் கவரில் போட்டு மடங்காமல் பீரோவுக்குள் வையுங்கள். பழைய பிரேமில் கண்ணாடியோடு போட்டோ ஒட்டிப்போயிருந்தால் பிய்த்து எடுக்க முயல வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.