குதிரைக்குக் கடிகாரம் தெரியாது

1955 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஆபர்ன் நகரத்து மர வியாபாரி வெண்டல் ரோபி, நான்கு கூட்டாளிகளுடன் டாஹோ ஏரிப் பகுதியிலிருந்து சியரா நெவாடா மலைகளைத் தாண்டித் தன் ஊருக்குக் குதிரையில் வந்து சேர்ந்தார். நூறு மைல், ஒரே நாளுக்குள். இந்தக் காலத்துக் குதிரைகளால் அது ஆகாது என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது. டெவிஸ் கோப்பை என்று இன்று அழைக்கப்படும் அந்தச் சவாரியிலிருந்துதான் நவீன நெடுந்தூரக் குதிரைப் போட்டி கிளைத்தது. அதில் புறப்படும் குதிரைகளில் ஏறத்தாழப் பாதிதான் முடித்துத் திரும்புகின்றன.

நெடுந்தூரச் சவாரி என்றதும் எல்லோரும் கேட்பது டெவிஸைப் பற்றித்தான். முதல் சவாரியைத் தேடுகிறவர் மறந்துவிட வேண்டியதும் அதையேதான். 300 மைல் போட்டி அனுபவம் இல்லாதவரை அவர்களே சேர்ப்பதில்லை. 1972இல் தொடங்கிய அமெரிக்க நெடுந்தூரச் சவாரிச் சங்கம் புதியவர்களுக்கென்று எளிய கதவு ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது: 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். குதிரைக்கு நான்கு வயது நிரம்பியிருந்தால் போதும். 50 மைலுக்கு ஐந்து வயதும் பன்னிரண்டு மணி நேரமும்.

ஆறு மணி நேரம் என்பது எவ்வளவு தாராளம் என்று புதியவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நடுவில் கட்டாய ஓய்வுக்கு ஒரு மணி போனால் மிச்சம் ஐந்து. மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கும் குதிரை, டிராட் என்கிற துள்ளோட்டத்தில் 12 கிலோமீட்டர் போகும் என்று வையுங்கள். ஒரு மணி நாற்பது நிமிடம் துள்ளோட்டம், மூன்று மணி இருபது நிமிடம் வெறும் நடை. 40 கிலோமீட்டர் முடிந்துவிட்டது. பாய்ச்சல் எதுவும் தேவைப்படவில்லை. மேட்டில் இறங்கிக் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கலாம், பள்ளத்தில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடலாம். விதி தடுப்பதில்லை. (குதிரையின் நடைகளை ஐங்கதி என்று வகுத்துப் பெயர் சூட்டிய மொழி நம்முடையது. டிராட்டுக்குச் சரியான சொல் தேடி அகராதியைப் புரட்டிவிட்டு, கடைசியில் டிராட் என்றே எழுதுகிறோம்.)

இவ்வளவு நேரம் இருந்தும் குதிரைகள் ஏன் நொடிக்கின்றன? முதல் அரை மணி நேரத்தில். குதிரை மந்தை விலங்கு. வீட்டில் சாதுவாக இருப்பது, விடியற்காலையில் ஐம்பது குதிரைகள் கிளம்பும்போது தானும் பறக்கும். மேலே இருப்பவரும் மந்தை விலங்குதான். அடுத்தவர் முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டு அவராலும் சும்மா இருக்க முடிவதில்லை. அனுபவசாலிகள் தரும் யோசனை: பாதை திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து, தூசி அடங்கியதும் கிளம்புங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடட்டும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று மாதக்கணக்கில் முன்பே வைக்கப்பட்டுவிடுகிறது. பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் குதிரையின் இதயமும் நுரையீரலும் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் குளம்பும் அவ்வளவு சீக்கிரம் தேறா. அவற்றுக்கு ஆண்டுகள் வேண்டும். மூச்சு வாங்காமல் நிற்கும் குதிரையைப் பார்த்து, இன்னும் வேகமாகப் போகலாம் என்று சவாரிக்காரர் முடிவு செய்கிறார். காலிடம் யாரும் கேட்பதில்லை.

கேட்பவர் கால்நடை மருத்துவர் மட்டுமே. ஓய்வில் நிமிடத்துக்கு முப்பதிலிருந்து நாற்பது வரை துடிக்கும் இதயம், சோதனைச் சாவடியில் 60 அல்லது 64க்கு இறங்க வேண்டும். பல போட்டிகளில் அது இறங்கிய பிறகுதான் ஓய்வு நேரமே எண்ணப்படுகிறது. ஆகவே சாவடிக்குள் நுரை தள்ள ஓடி வருகிறவர் சம்பாதித்த நிமிடங்களை வாசலிலேயே தொலைக்கிறார். கடைசி ஒரு கிலோமீட்டரை நடத்தி வந்து, சேண வாரைத் தளர்த்தி, கழுத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர் அவருக்கு முன்பே உள்ளே போயிருப்பார். மருத்துவர் ஈறை அழுத்தி நிறம் திரும்பும் வேகத்தைப் பார்க்கிறார், தோலைக் கிள்ளிப் பார்க்கிறார், விலாவில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் குடல் சத்தம் கேட்கிறார். குடல் மௌனமாக இருந்தால் நல்லதல்ல. பிறகு நேர்க்கோட்டில் ஓடவிட்டு நொண்டல் இருக்கிறதா என்று பார்க்கிறார்.

வியர்வை விஷயத்தில் நம் அனுபவத்தை வைத்துக் குதிரையை எடைபோடக் கூடாது. நம் வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. நீர் போனால் ரத்தம் கெட்டியாகி நமக்குத் தாகம் எடுக்கிறது. குதிரை வியர்வையில் உப்பு அதிகம். நீரும் உப்பும் சேர்ந்தே போவதால் வறண்டுகொண்டிருக்கும் குதிரைக்குத் தாகமே தெரியாமல் போகலாம். மணிக்குப் பத்து லிட்டருக்கு மேலும் இழக்கக்கூடிய மிருகம், தண்ணீர்த் தொட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். எனவே தண்ணீர் கண்ட இடத்திலெல்லாம் நிற்க வேண்டும், குடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

முதல் சவாரியைத் தேர்ந்தெடுக்கும்போது பரிசையோ பெயரையோ பார்க்காமல் தரையையும் வானிலையையும் பாருங்கள். சமவெளியில் பழகிய குதிரைக்கு மலை வேண்டாம், மண்ணில் பழகியதற்குக் கல் வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் முகாமுக்கே திரும்பி வரும் பாதை நல்லது. நிறுத்த நேர்ந்தால் நடுக்காட்டில் வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வானிலைக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. வெப்பத்தை பாரன்ஹீட்டிலும் ஈரப்பதத்தை சதவீதத்திலும் எடுத்துக் கூட்ட வேண்டும். 130க்குள் இருந்தால் குதிரை தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். 150ஐத் தாண்டினால் சிரமம். 180 என்றால் சேணத்தை இறக்கிவிடலாம். மும்பையில் ஜூன் மாதத்தில் 86 டிகிரியும் 85 சதவீதமும் சாதாரணம். கூட்டினால் 171. மார்வாரியோ கத்தியவாரியோ வைத்திருக்கும் நம் நாட்டவர், குளிர்காலத்து ராஜஸ்தானையும் குஜராத்தையும் நாடுவது நியாயம்.

அமெரிக்கச் சங்கத்தின் கோஷம், முடித்தாலே வெற்றி என்பது. பாலைவனத்துத் தட்டையான பாதைகளில் இந்த விளையாட்டு வேகப் பந்தயமாக மாறியபோது கால் முறிந்த குதிரைகளின் படங்கள் உலகெங்கும் வந்தன. 2015 மார்ச்சில் சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம், ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்மேளனத்தையே சில மாதங்கள் இடைநீக்கம் செய்தது. வேகத்தை ரசிக்க ரேஸ் கோர்ஸ் இருக்கிறது என்பது என் கட்சி.

விதிகளில் இருக்கும் ஒரு சொற்றொடர் மொழிபெயர்ப்பாளனுக்குச் சிக்கல் தருவது. எல்லைக்கோட்டைத் தாண்டிய குதிரையையும் மருத்துவர் சோதித்து, அது 'மேலும் செல்லத் தகுதியானது' என்று சொல்ல வேண்டும். போவதற்கு இடமே இல்லாத இடத்தில் எதற்கு மேலும் செல்வது? ஆனால் அந்தச் சான்று கிடைக்காவிட்டால் கடந்த தூரம் கணக்கில் சேராது, முதலில் வந்திருந்தாலும். மறுநாள் காலை முகாமில் கடைசியாக வந்தவர்கள் சிலர் குதிரையைத் தளர்ந்த கயிற்றில் நடத்திக்கொண்டு, குனிந்து அதன் முன்னங்கால்களைத் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.