இன்று எத்தனை பொய்?

ஜூன் 21 நெருங்கினால் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் முதுகெலும்பு ஒன்று இருப்பது நினைவுக்கு வந்துவிடும். சங்கத்துச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றறிக்கை போடுவார். காலை ஆறு மணி, மொட்டை மாடி, வெள்ளை டி-ஷர்ட், முடிந்ததும் சாமைப் பொங்கல். இந்த வருடம் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: யோகா மேட் கட்டாயம், பாய், ஜமுக்காளம், பெட்ஷீட் கொண்டுவர வேண்டாம். காரணமும் கீழேயே இருந்தது. டிரோன் வைத்துப் படம் எடுக்கப்போகிறார்களாம். மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிய வேண்டுமாம்.

படித்ததும் ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை.

மூன்றாம் மாடி ஆச்சி சுற்றறிக்கையைப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. கக்கத்தில் கோரைப்பாயோடு வந்து முதல் வரிசையில் விரித்துவிட்டார். பயிற்சியாளர் சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன். “பாட்டி, இது வழுக்கும், மேட் தர்றேன்” என்றான்.

“எய்யா, நான் என்ன ஓடவா போறேன்? உக்காரத்தானய்யா வந்திருக்கேன்” என்றார் ஆச்சி.

செயலாளர் டிரோனை அண்ணாந்து பார்த்தார். ஆச்சி உட்கார்ந்துவிட்டார். வகுப்பின் நடுவில் கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னபோது எழுபதைத் தாண்டிய அவர் ஒரே மூச்சில் எழுந்து முந்தானையைச் சரிசெய்தார். மேட்காரர்களாகிய நாங்கள் தவணை முறையில் எழுந்தோம்.

நாற்காலி மேல் எனக்குள்ள பகை இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். கல்யாணப் பந்தி மேஜைக்கு ஏறியதையும், சினிமாக் கொட்டகையில் தரை டிக்கெட் ஒழிந்ததையும், கோயில் பிராகாரத்துக்குள் பிளாஸ்டிக் நாற்காலி நுழைந்ததையும் பற்றி அழுது தீர்த்திருக்கிறேன். ‘ஃபர்னிச்சர் கடைக்காரர் யாராவது உங்களுக்குப் பணம் தர வேண்டுமா?’ என்று மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படி எதுவும் இல்லை. சாப்பிட, அரிவாள்மணையில் காய் நறுக்க, பூக் கட்ட, வீட்டுப்பாடம் எழுத, சீட்டாட என்று ஒரு நாளில் எத்தனை தடவை தரையில் உட்கார்ந்து எழுந்தோம்? இடுப்பும் முட்டியும் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னதில்லை. இப்போது அதே மடக்கலுக்கும் நிமிர்த்தலுக்கும் மாதச் சந்தா கட்டுகிறோம். மூட்டு தேய்ந்து அவதிப்படுகிறவர்களை நான் கீழே இழுக்கவில்லை. அவர்களுக்கு நாற்காலியே மருந்து. நன்றாக இருக்கிற காலைத் தொங்கப்போட்டே கெடுத்துக்கொள்கிறவர்களைப் பற்றித்தான் பேச்சு.

பிரேசில் மருத்துவர்கள் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 51 முதல் 80 வயது வரை உள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். உட்கார 5 மதிப்பெண், எழ 5. கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போய்விடும், தள்ளாடினால் அரை. பிறகு சில ஆண்டுகள் அவர்களைக் கவனித்துவந்ததில், மதிப்பெண் குறைந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும் என்று இது நிரூபித்துவிடவில்லை. தசையின் வலு, மூட்டின் வளைவு, நிலை தடுமாறாமை மூன்றும் எப்படி இருக்கின்றன என்று காட்டும் ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஆச்சிக்கு அன்று பத்துக்குப் பத்து. எனக்கு எவ்வளவு என்பது குடும்ப ரகசியம்.

பாய்க்கு வருகிறேன். பையன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. வழவழப்பான டைல்ஸ் தரையில் கோரைப்பாயைப் போட்டு, அதன் மேல் காலை அகட்டி வைத்து நிற்கும் ஆசனம் செய்தால் வழுக்கத்தான் செய்யும். அதற்கு ரப்பர் விரிப்பு தேவை. ஆனால் உட்கார்ந்தும் படுத்தும் செய்கிறவற்றுக்கு வியர்வையை வாங்கிக்கொண்டு காற்றும் விடுகிற கோரைக்கு மேல் என்ன வேண்டும்?

ஆச்சிக்கு ஊர் சேரன்மகாதேவி. பக்கத்திலேயே பத்தமடை. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட்டு, இழை இழையாகக் கீறி நெய்கிறார்கள். சாதாரணப் பாய்க்குப் பாவு பருத்தி நூல். உயர்ந்த ரகத்துக்குப் பட்டு. கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கீற முடிகிறதோ அவ்வளவு நயம். நூறு கவுண்டுக்கு மேல் போகிற பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சேர்த்து நெய்து கொடுப்பார்கள். இந்துக் கல்யாணத்துக்கும் அங்கிருந்துதான் பாய் போகும். புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. நெய்கிற பெண்ணின் கைக்கு என்ன கூலி வருகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இதே பத்தமடையில் 1887 செப்டம்பர் 8ஆம் தேதி குப்புசாமி என்று ஒரு பையன் பிறந்தான். அப்பா வேங்கு ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வருவாய்த்துறை உத்தியோகஸ்தர். பையனுக்குப் படிப்பு எட்டயபுரம் ராஜா உயர்நிலைப் பள்ளியில். (எட்டயபுரம் என்றதும் நமக்கு முண்டாசும் மீசையும்தான் கண்ணில் நிற்கும். அவர் இவரைவிடக் கிட்டத்தட்ட ஐந்து வயது மூத்தவர். ஒரே சின்ன ஊர்ப் புழுதி இரண்டு பேர் காலிலும் பட்டிருக்கிறது என்பதை யாராவது விரிவாக எழுதக் கூடாதா?) பிறகு தஞ்சாவூரில் மருத்துவப் படிப்பு. 1909இல் ‘அம்ப்ரோசியா’ என்று ஒரு மருத்துவப் பத்திரிகை தொடங்கினார். 1913இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறி, சிரம்பான் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் டாக்டரானார். பத்து வருடம். நல்ல சம்பளம், நல்ல பெயர். 1923இல் எல்லாவற்றையும் விட்டுத் திரும்பினார். மறு வருடம் ரிஷிகேசத்தில் துறவு வாங்கினார். அவர்தான் சுவாமி சிவானந்தர். துறவி ஆனபிறகும் டாக்டர் போகவில்லை: முதிர்ந்த இன்ஷூரன்ஸ் பாலிசிப் பணத்தைப் போட்டு 1927இல் லட்சுமண ஜூலா பக்கத்தில் தர்ம வைத்தியசாலை நடத்தினார். தெய்வீக வாழ்க்கைச் சங்கம் அதற்கப்புறம், 1936இல்.

உலகத்தில் இன்று யோகா என்று ஓடுகிற ஆற்றில் ஒரு பெரிய கிளை அங்கிருந்து புறப்பட்டது. (மைசூர் கிருஷ்ணமாச்சாரியாரிடமிருந்து வருவது இன்னொன்று. அதைப் பற்றி ஏற்கெனவே எழுதி, தலைகீழாக நிற்கும் வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.) 1969இல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்து அத்தனை லட்சம் ஹிப்பிகளுக்கு முன்னால் தாடியோடு உட்கார்ந்திருந்த சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கம் செட்டிபாளையத்துக்காரர், சிவானந்தரின் சீடர். இன்னொரு சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் அமெரிக்கா போனவர், 1983இல் சின்னஞ்சிறு விமானம் ஒன்றில் ஏறிப் பெர்லின் சுவரைத் தாண்டி மேற்கிலிருந்து கிழக்கே பறந்து இறங்கினார். எங்கள் செயலாளரின் டிரோன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை.

யோகத்தை வெளியூர் அனுப்பிய ஊரின் பாய்க்கு யோகா தினத்தில் இடமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டு எழுந்திருக்கத்தான் உத்தேசித்திருந்தேன். சிவானந்தர் பற்றி ஒரு தேதி சரிபார்க்க அலமாரியைக் கிளறியதில் அவருடைய நாட்குறிப்புத் தாள் கையில் சிக்கியது. அதிலிருந்து மற்றதெல்லாம் மறந்துபோயிற்று.

‘ஆன்மிக நாட்குறிப்பு’ என்று பெயர். ஒரு மாதத்துக்கு ஒரே தாள். மேலே தேதிகள், பக்கவாட்டில் கேள்விகள். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், ஆசனம் எவ்வளவு நேரம், பிராணாயாமம் எத்தனை, ஜபம் எத்தனை மாலை என்று வரிசையாகப் போகும். கீதை படித்தாயா, யாருக்காவது பலன் கருதாமல் உதவினாயா, தானம் எவ்வளவு கொடுத்தாய் என்றும் கேட்கும். அது வரைக்கும் சரி, எந்தச் சாமியாரும் கேட்கக்கூடியவை. அதே வரிசையில், அதே அளவுக் கட்டத்தில், எத்தனை பொய் சொன்னாய் என்று ஒரு கேள்வி. எத்தனை தடவை கோபப்பட்டாய், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று இன்னொன்று. வீண் சகவாசத்தில் எத்தனை மணி நேரம் போனது என்று மற்றொன்று. பொய்க்கும் கோபத்துக்கும் உனக்கு நீயே என்ன தண்டனை கொடுத்துக்கொண்டாய் என்று எழுதவும் இடம் விட்டிருக்கிறது.

இதை ஒரு வேதாந்தி மட்டும் தயாரித்திருக்க முடியாது. இது தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டில் கால்மாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டை. காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை நாளாக என்று இரண்டையும் கேட்டுப் பழகிய டாக்டருக்குத்தான் கோபத்தின் எண்ணிக்கையோடு அதன் நீளத்தையும் கேட்கத் தோன்றும். யோசித்துப்பாருங்கள், நீளம்தான் முக்கியம். ஆட்டோக்காரரிடம் சுள்ளென்று விழுந்து அடுத்த சிக்னலில் மறந்துபோகிற கோபம் ஒரு ரகம். மைத்துனர் 1998இல் சொன்ன ஒரு வார்த்தையை இன்றும் தினம் எடுத்துத் துடைத்து வைக்கிற கோபம் வேறு ரகம். முதலாவதில் தூக்கம் கெடாது.

எனக்குப் பிடித்தது இந்தக் கலவை. தூக்கமும் பொய்யும் ஒரே தாளில். ஆசனம் அதில் ஒரு வரி மட்டும். அன்றாடம் கால் மணி, அரை மணி செய்தால் போதும் என்பது அவர் கணக்கு. நாம் அந்த ஒரு வரியை மட்டும் கத்தரித்து எடுத்து, டி-ஷர்ட் அடித்து, டிரோன் விட்டுக்கொண்டிருக்கிறோம். செயலாளர் கையில் ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறார். நடந்த அடி, இதயத் துடிப்பு, ஆழ்ந்த தூக்கம் எல்லாம் சொல்லும். மன அழுத்தத்துக்குக்கூட ஓர் எண் காட்டும். காவலாளியிடம் ஏன் அப்படிக் கத்தினீர்கள் என்று கேட்காது. கேட்டால் எவன் வாங்குவான்?

தாளைப் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வரைந்து நிரப்ப ஆரம்பித்தேன். ஆசனம், தூக்கம் எல்லாம் சுலபம். பொய்யில்தான் தடங்கல். குளியலறையிலிருந்து போனில் ‘கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன்’ என்பது பொய்யா? ‘பத்தி முடிந்துவிட்டது, ஒரு தடவை படித்துப்பார்த்து அனுப்புகிறேன்’ என்று ஆசிரியரிடம் சொல்வது? எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் கட்டம் போதாது. கோபத்துக்கு வந்தால் சுற்றறிக்கை நிற்கிறது. தடவை: ஒன்று. நேரம்: இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்டனை விஷயத்தில் மட்டும் எனக்குச் சுவாமிகளோடு ஒத்துப்போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளு, கூடுதலாக ஜபம் செய் என்ற மாதிரி வழிகள் உண்டு. பசித்தால் எனக்குக் கோபம் வரும். அதற்குத் தண்டனையாக மறுநாளும் பட்டினி என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும்? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் இந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவது உத்தமம். “அதுக்குப் பதிலா பாத்திரம் தேய்க்கலாம்னு போட்டுக்கோங்களேன்” என்றாள் மனைவி. சுவாமிகள் ஆட்சேபிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். ஆர்வமாகப் பிரதி எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மற்ற கட்டமெல்லாம் காலி. வீண் சகவாசம் எத்தனை மணி நேரம் என்ற வரியில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, தினமும் ஒரே பதிலை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: காலை 10 முதல் மாலை 5 வரை.