கண்ணுக்குள் பூஞ்சைத் தொற்று: ஸ்டீராய்டுக்கு முன் விட்ரியஸ் சோதனை

விழியின் உள்ளே நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழில் பூஞ்சை வேரூன்றுவதே பூஞ்சை எண்டாப்தால்மைடிஸ். காயம், கருவிழிப் புண், கண் அறுவை ஆகியவற்றின் வழியாகவோ இரத்தத்தின் வழியாகவோ அது உள்ளே வருகிறது. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் இரு வழிகளையும் எதிர்பார்க்க வேண்டும். சியால்தா தெற்குப் பாதை ரயில்களில் தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் நெல்வயல் ஊர்களிலிருந்து நோயாளிகள் இங்கு வருகின்றனர். நெல்தாள் கீறிய கருவிழியில் அஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம் பூஞ்சைகள் வளர அப்பகுதியின் ஈர வெப்பம் போதும்.

இரத்த வழித் தொற்று பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் கிடந்தவர்களையும் தாக்கும். ஆனால் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களும் தப்புவதில்லை. மாசடைந்ததாகக் கருதப்பட்ட குளுக்கோஸ் டிரிப் ஒரே முறை ஏற்றியபின் வந்த தொற்றுகளைச் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் 2000இல் பதிவு செய்தனர். தெம்புக்காகச் சிறு கிளினிக்குகளில் டிரிப் ஏற்றும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும்.

பாக்டீரியாத் தொற்று சில நாட்களில் கண்ணைப் பாழாக்கும். பூஞ்சை வாரக்கணக்கில் ஊரும். தொடக்கத்தில் வலி குறைவு; கண்முன் புள்ளிகள் மிதக்கும், பார்வை மங்கும். இதை யுவைடிஸ் (கண்ணின் உள் அழற்சி) என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் சிவப்பு தணியும், பூஞ்சை பெருகும். எனவே, மேற்சொன்ன பின்னணி உள்ளவருக்கு விட்ரியஸ் மாதிரி எடுக்காமல் ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. மாதிரியை நுண்ணோக்கியில் உடனே பார்ப்பதோடு பூஞ்சைக்கான சபூரோ வளர்ப்பு ஊடகத்திலும் வளர்க்க வேண்டும். இரண்டு வாரமாவது காத்திராமல் ‘பூஞ்சை இல்லை’ என அறிக்கை தரலாகாது. வசதியுள்ள இடத்தில் பி.சி.ஆர். விரைவாக விடை தரும்.

இரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை கண்ட எல்லோருக்கும் விழித்திரைப் பரிசோதனை தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2016இல் தேவை என்றது; அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2021இல், அறிகுறி இல்லாதவருக்கு வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்றது. வென்டிலேட்டரில் கிடப்பவர் பார்வை மங்குவதை எப்படிச் சொல்வார்? பரிசோதனை செய்வதையே நாங்கள் ஆதரிக்கிறோம். கேண்டிடாவுக்கு முதலில் தரப்படும் காஸ்போஃபஞ்சின் போன்ற மருந்துகள் விட்ரியஸுக்குள் சரிவரப் புகுவதில்லை என்பதும் காரணம்: இரத்தம் சுத்தமான பிறகும் கண்ணில் தொற்று நீடிக்கலாம்.

சிகிச்சையில் ஆம்போடெரிசின் பி 5 முதல் 10 மைக்ரோகிராம், அல்லது வோரிகோனசோல் 100 மைக்ரோகிராம், 0.1 மில்லிலிட்டரில் விட்ரியஸுக்குள் செலுத்தப்படுகிறது. கூழ் கலங்கியிருந்தால் விட்ரெக்டமி (கூழை அகற்றும் அறுவை) செய்வது நல்லது. அது பூஞ்சைச் சுமையைக் குறைக்கும், சோதனைக்குப் போதிய மாதிரியும் தரும். விட்ரியஸை நன்கு எட்டும் வோரிகோனசோல் மாத்திரை வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் தொடரும். இடையிடையே கல்லீரல் சோதனையும் அவசியம்.